வாசலில் பூச்சியம், மேலே பத்தொன்பது

மார்ச் 20, வியாழன்

வெயில். பதினாறு பாகை. யன்னல் மூன்றும் திறந்து விட்டேன்.

- ரயர் மாற்றியாச்சு. வின்ரர் ரயர் நான்கும் நிலவறைக் கெல்லரில். "ஈஸ்டர் மட்டும் பொறுங்கோவன்" என்றாள் மனுசி றீற்றா. குரோக்கஸ் பூத்துக் கிடக்கிறது, இனி எங்கே பனி?
- பிறஷர்க் குளிசை முடிகிறது. டொக்ரருக்குப் போன் அடிக்க வேண்டும்.
- வேலைச் சப்பாத்து, இடது அடி கழன்று விட்டது. பசை.

மத்தியானம் உப்புக் கொட்டிலில் வரதன். அவனைக் கண்டாலே எனக்கு நெஞ்சுக்குள் புகையும். கொம்பனியில் நான் இருபத்திரண்டு வருடம். அவன் மூன்று. பனி விழுந்தால் கீழ் ஊர் வாசல்களெல்லாம் என் பொறுப்பு, மேல் ஊர் அவன் பொறுப்பு. தள்ளிவிட்டு உப்புப் போட வேண்டியதுதானே? இல்லை. துரைக்கு மடக்கு அடிமட்டம் வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் குத்திப் பார்ப்பான், கொப்பியில் எழுதுவான், படம் எடுத்து எங்கள் கந்தோரில், பூரோவில், இருக்கிற மேலதிகாரி பிராவ் டீற்ஸுக்கு அனுப்புவான். ஜனவரியில் அவளுக்கு முன்னால் வைத்தே, "சூசை அண்ணை பள்ளிக்கூடப் படிக்கு உப்புப் போட மறந்திட்டார், நான் போட்டனான்" என்றான். ஜெர்மனில். இலக்கணப் பிழை ஒன்று இல்லாமல்.

இன்றைக்கு வால் ஆட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, ஒரு உதவி."

"என்ன?"

"அக்கான்ர மகள் பெரியபிள்ளையாகினதுக்குச் சாமத்தியவீடு. ஞாயிறு, கெல்சென்கிர்ச்சனில. திங்கள் பின்னேரம்தான் திரும்பி வருவன். திங்கள் விடிய மேல் ஊரையும் நீங்கள் பாப்பியளோ?"

"பனியே இல்லை. எதைப் பாக்கிறது?"

"விழுந்தால் அண்ணை."

"விழாது. போட்டு வா. ஈஸ்டர் திங்கள் நீ என்ர பக்கத்தைப் பார்."

"பிராவ் டீற்ஸிட்டச் சொல்லோணுமெல்லோ?"

"முறை மாத்திறதெண்டால் அவவுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் கடிதம் குடுக்கோணும். விடு. நான் சொன்னால் சொன்னதுதான்."

தலையை ஆட்டினான். பிறகு கேட்காமலே ஒரு புதினம். மனைவிக்கு விசா டெர்மின், நேர்முகத்துக்கு நாள், கிடைத்துவிட்டதாம். கொழும்பு ஜெர்மன் தூதரகத்தில், இந்த மாதக் கடைசியில். கலியாணம் கட்டிப் பதினான்கு மாதமாக அவள் யாழ்ப்பாணத்தில், இவன் இங்கே. வேலை நிரந்தரம் என்று பிராவ் டீற்ஸ் ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். "தாறனெண்டவ அண்ணை" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நல்லது என்றேன். மனதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

ஒரே நாளில் ஏழு பாகை இறங்கி விட்டது. மூடுபனி. குதிக்கால் வலி.

குளிசை எடுத்தாச்சு. பசை வாங்க மறந்து விட்டேன்.

றீற்றா மாடியில் போட்டிருந்த பூச்சாடிகளை உள்ளே எடுத்து வைத்தாள். பேசாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

மழை. மூன்று பாகை. பூசைக்குப் போய் வந்தோம். தவக்காலப் பிரசங்கம், அரைவாசி நித்திரை.

பின்னேரம் ஆறுக்கு பிராவ் டீற்ஸின் செய்தி, எல்லாருக்கும்: நாளை காலை ஐந்திலிருந்து ஆயத்தம், உயரமான பகுதிகளில் பனி எதிர்பார்க்கப்படுகிறது. எதிர்பார்க்கட்டும். மூன்று கிழமையாக வெயில் காய்ந்த மண். விழுந்தாலும் நிற்காது.

ஏழு மணிக்கு வரதனின் குரல் செய்தி. பின்னால் மேளம், பெண்களின் சத்தம். "அண்ணை, மேல நல்லாக் கொட்டுமெண்டு போடுறாங்கள். கிண்டர்கார்டன் வாசல் முதல். ஆறு மணிக்கு முன்னம். மறந்திடாதேங்கோ."

எனக்குப் படிப்பிக்கிறான். அந்த வாசலில் பனி தள்ள நான் சவள் பிடித்த காலத்தில் இவன் யாழ்ப்பாணத்தில் மூக்கு வடித்துக்கொண்டு திரிந்திருப்பான். பதில் போடவில்லை.

மார்ச் 24, திங்கள், காலை 5.15

எழும்பினேன். யன்னல். ரோட்டு கறுப்பு, ஈரம். தெருவிளக்கடியில் பார்த்தால் மழைக்குள் இரண்டொரு பஞ்சு. தார் தொட்டதும் கரைகிறது. என் கார்க் கூரையில் கூட இல்லை.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "கீழே எல்லாம் சுத்தம்." பிராவ் டீற்ஸ் கட்டைவிரல் போட்டாள்.

சொன்னேனே. கண்டறியாத எச்சரிக்கை. திரும்பப் படுக்கப் போகிறேன்.

அதே நாள், பின்னேரம்

 

7.20க்குப் போன். பிராவ் டீற்ஸ். "வரதன் எங்கே? போன் எடுக்கிறான் இல்லை. மேலே கிண்டர்கார்டன் வாசலில் பிராவ் ஹென்ஷெல் விழுந்துவிட்டாள். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் வருகிறார்கள், வாசல் அப்படியே கிடக்கிறது. உங்களுக்குப் போக முடியுமா, சூசை?"

பிராவ் ஹென்ஷெல் அங்கே சமைக்கிறவள். ஆறரைக்குத் திறப்பாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வரதன் இல்லை, நான்தான் என்று. வாய் திறந்தது. "போறன்" என்றுதான் வந்தது.

கார் ஏறாது. சம்மர் ரயர். பஸ் பிடித்தேன். பஸ் தண்ணீர்த் தாங்கியடியில் நின்றுவிட்டது, சாரதி கையை விரித்தான். அங்கிருந்து நடை. தாங்கியடியில் ரோட்டு ஈரம். குதிரைப் பட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை. அங்கிருந்து ஒரு வளைவு, அவ்வளவுதான், சப்பாத்து மறைந்தது. காட்டோரம் ஏறும்போது காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு முன்னால் ஒரு கார் குறுக்கே நின்றது, ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரையோ திட்டினாள். ஒரே ஊர். ஒரே காலை. பதினைந்து நிமிடப் பஸ் தூரம். வீட்டில் குரோக்கஸ் நிற்கிறது, இங்கே வேலிக்கட்டை தெரியவில்லை.

வாசலில் அவள் விழுந்த இடம் தெரிந்தது. ஒரு பள்ளம். பக்கத்தில் ஒரு கையுறை. கையுறையை எடுத்து உள்ளே கொடுத்தேன்.

மூன்று மணித்தியாலம் தள்ளினேன். தள்ளத் தள்ள விழுந்தது. பத்தரைக்கு பிராவ் டீற்ஸ் வந்து பார்த்தாள். "நன்றி சூசை. உங்களைத்தான் நம்பலாம்" என்றாள். தோளில் தட்டினாள்.

பிராவ் ஹென்ஷெலுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதாம்.

மார்ச் 25, செவ்வாய்

மேகம். பூச்சியம் பாகை. காற்று இல்லை.

வேலை முடிந்ததும் அளந்தேன், சென்ரிமீற்றரில். வரதனின் பட்டறையில் கிடந்த அடிமட்டம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். யாராலும் தெரிந்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். கண்முன் ஈரத் தாரைப் பார்க்கிறவன் மேலே இவ்வளவு என்று எப்படி நினைப்பான்? ஆதாரம்.

என் வாசல்: 0. புல்லில் அங்கங்கே பொட்டு.
ஸ்ரேஷன்: 0. சகதி.
சூப்பர்மார்க்கட் கார்த் தரிப்பு: தாரில் 0. நிற்கிற கார்க் கூரையில் 2.
கோயில் படி, வெயில் பக்கம்: 1. அதே படி, வடக்குப் பக்கம்: 7.
பாலம்: 4, அடியில் ஐஸ். கீழே மண் சூடு இல்லாததால்.
தண்ணீர்த் தாங்கி: 5.
குதிரைப் பட்டி: 11.
வளைவு: 15.
கிண்டர்கார்டன், நான் தள்ளாமல் விட்ட பக்கம்: 19.
அதே வேலிக்குப் பின்னால், காற்று கொண்டுவந்து குவித்தது: 41. இரண்டு தரம் அளந்தேன்.
அதே முற்றம், ஊசியிலை மரத்தடி: 3.

ஒரு முற்றத்துக்குள் மூன்றும் நாற்பத்தொன்றும். எந்த நீதிபதி வந்தாலும் வாயடைத்துப் போவான்.

பஸ்ஸில் இரண்டு கிழவிகள். "எங்கள் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை." "என் மகள் கதவைத் திறக்க முடியாமல் இருந்தாள்." "நீ கூட்டிச் சொல்கிறாய்." "நான் ஏன் கூட்டிச் சொல்ல வேண்டும்?" இறங்கும்வரைக்கும் சண்டை.

பூரோவில் எல்லாரும் வரதனின் பெயரைச் சொல்கிறார்கள். முறைப் பட்டியலில் அவன் பெயர்தானே இருக்கிறது. நான் கோப்பி குடித்தேன்.

மார்ச் 26, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. கூரைகளில் இருந்து சொட்டு.

காலையில் பிராவ் டீற்ஸ் வரதனைக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கதவு. அவள் கை ஆடுவது தெரிந்தது. அவன் கைகளைத் தொடையில் வைத்தபடி அசையாமல் இருந்தான். இருபது நிமிடம். வெளியே வந்தவன் என்னைப் பார்த்தான். நான் உப்புச் சாக்கு எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்று.

கொட்டிலுக்கு வந்தான்.

"படம் போட்டிருந்தியள் அண்ணை. கீழ எல்லாம் சுத்தம் எண்டு."

"சுத்தமாத்தான் இருந்தது."

"நான் மேல பாக்கச் சொன்னனான்."

"இஞ்ச ஒரு பொட்டில்லை. மேல இவ்வளவு கிடக்குமெண்டு எனக்குக் கனவே?"

"குரல் போட்டனான் அண்ணை. உங்கட போனில கிடக்கும்."

 சத்தம் போட்டேன். சாமத்தியவீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டுப் படுத்தவன் நீ, என்னிடம் கணக்குக் கேட்கிறாயா என்று. அவன் குடிப்பதில்லை. அது எனக்குத் தெரியும்.

அவன் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"நான் ஊரில நிக்கேல்லை எண்டு மட்டும்தான் சொன்னனான். உங்கட பேரைச் சொல்லேல்லை. ஏன் எண்டால், கடிதம் குடுக்காமல் முறை மாத்தினது பிழை, ரெண்டு பேருக்கும் பிழை. இருபத்திரண்டு வருசம் நிக்கிற உங்கட வாயையோ, மூண்டு வருசம் நிக்கிற என்ர வாயையோ அவ நம்புவா? நீங்கள்தான் சொல்லோணும்."

"பாப்பம்."

"விசாரிச்சு முடியுமட்டும் வேலைக்கு வராதே எண்டிட்டா. அந்தக் கடிதமும் தரமாட்டாவாம். விளங்குதோ அண்ணை? அந்தக் கடிதம்."

"பாப்பம் எண்டு சொன்னனான்தானே."

போனான். அடிமட்டத்தை மேசையில் கண்டிருக்கிறான். எடுக்கவில்லை.

எனக்கு ஒரு வருடமும் எட்டு மாதமும் கிடக்கிறது ஓய்வுக்கு. இந்த நேரத்தில் நான் போய், இல்லை, அந்தப் பெண்ணின் இடுப்பை உடைத்தது நான் என்று சொல்லவா? இருபத்திரண்டு வருடத்தில் என் வாசலில் ஒரு நாய் கூட வழுக்கவில்லை. அதை எந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறது?

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. முந்திரிகைப்பழம், பச்சைக் கொத்தாக, ஒரு பெட்டி.

பிராவ் ஹென்ஷெல் கட்டிலில். முகம் சுருங்கிப் போயிருந்தது. பத்து வருடமாக எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பெண். சப்பாத்தைத் துடை, உப்பை உள்ளே கொண்டுவராதே, இதுதான் எங்கள் கதை. இன்றைக்குக் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் வந்திருந்தால் இது நடந்திருக்காது."

பழப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"காப்புறுதிக்காரன் வந்தான். நான் சொல்லிவிட்டேன். இங்கே பழைய தமிழன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் குறை இல்லை. அந்த இளையவன்தான். போனைப் பார்த்துக்கொண்டே திரிகிறவன். அவனை வைத்திருக்கக் கூடாது."

"அவர் கவனமான ஆள்" என்றேன். என் வாயில் இருந்தா வந்தது?

"கவனமா? முழங்கால் அளவு பனி கிடந்தது!"

"பத்தொன்பது" என்றேன். "வேலிப் பக்கம் நாற்பத்தொன்று. நீங்கள் வேலிப் பக்கமாக மிதித்திருக்கிறீர்கள்."

என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். எனக்கு என்னை நானே அறைய வேண்டும் போல் இருந்தது.

வீட்டில் றீற்றாவிடம் எல்லாம் சொன்னேன். நியாயம் சொல்லத்தான் தொடங்கினேன். காற்று, மண் சூடு, உயரம், ஒரே படியில் ஒன்றும் ஏழும். கொப்பியை விரித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்தபடி கேட்டாள்.

"ரயர் மாத்தினபடியால்தானே நீங்கள் மேல போகேல்லை?"

"விசர்க்கதை கதையாதை. இஞ்ச பனி இல்லை."

"முப்பது வருசமா இந்த ஊரில இருக்கிறம். கீழ மழை பெய்தால் மேல என்ன பெய்யுமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? எனக்கே தெரியும்."

தெரியும். இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்கும் இல்லை: ஐந்தேகாலுக்கு யன்னலில் நின்றபோது தெரியும். மேலே இருக்கும் என்று தெரியும். ரயரை நினைத்தேன். பஸ்ஸுக்குக் குளிரில் நிற்பதை நினைத்தேன். அந்தக் குரல் செய்தியை நினைத்தேன், அவன் சொல்லி நான் போவதா என்று. பிறகு ஈரத் தாரைப் படம் எடுத்தேன்.

கீரை கசந்தது. சொன்னேன். "நாளைக்கு நீங்கள் சமையுங்கோ" என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

ஆறு பாகை. எங்கும் ஓடுகிறது.

இன்றைக்குச் சொல்ல நினைத்தேன். பூரோ வெள்ளியில் ஒரு மணிக்கு மூடும். பதினொன்றரைக்கு வெளிக்கிட்டவன் மேலே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். கரைவதற்கு முன் ஒருமுறை கூட அளந்து வைத்தால் நல்லது என்று எனக்கு நானே சொன்னேன்.

தண்ணீர்த் தாங்கி: 0.
குதிரைப் பட்டி: 2, கழிவும் சேறும்.
வளைவு: 4.
கிண்டர்கார்டன் முற்றம்: 6.
வேலிக்குப் பின்: 23. கரி பிடித்த மாதிரி அழுக்கு.
மரத்தடி: 0. புல், காய்ந்தது.

பிள்ளைகள் யன்னலில் ஒட்டி நின்று பார்த்தார்கள். ஒருவன் நாக்கை நீட்டினான். நானும் நீட்டினேன். உள்ளே இருந்து ஒரு ஆசிரியை வந்து யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள். பனியை என்றேன்.

கீழே வர ஒன்றேகால். பூரோ பூட்டு.

பின்னேரம் தமிழ் ஆட்களின் சிலுவைப்பாதை. றீற்றா இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டேன். மூன்றாம் நிலையில், ஆண்டவர் சிலுவையோடு விழுகிற இடத்தில், எழும்ப முடியவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பிறகு தேத்தண்ணி. "மேல் ஊரில ஒரு பொம்பிளை விழுந்திட்டாவாம். எங்கட பெடியன் ஒருத்தன் வேலைக்குப் போகாமல் கொண்டாட்டத்துக்குப் போட்டானாம்." "இவங்களாலதான் எங்கட பேர் கெடுது." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும். தலை தானாக ஆடியது.

மார்ச் 29, சனி

மழை. ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்து ஒட்டினேன். பசை கையில் பட்டு இன்னும் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினேன். அடுப்பு, சுவர், கார். கார் மணிக்கூடு வழக்கம்போல வரவில்லை. பூசைக்குப் பிந்தினோம்.

மத்தியானம் போன். றீற்றா எடுத்தாள். வரதனின் அக்கா, கெல்சென்கிர்ச்சனில் இருந்து. எனக்கு இந்த மூலைக்குக் கேட்டது, அப்படிக் கத்தினாள். "உங்கட மனுசன் மனுசனோ? என்ர தம்பி வாய் திறக்கமாட்டான், நான் திறப்பன்! நாளைக்குப் பத்து மணிக்கு அவன்ர மனுசிக்கு டெர்மின். பெட்டை நேற்றே யாழ்ப்பாணத்தில இருந்து பஸ் ஏறிட்டாள். கையில எல்லாப் பேப்பரும் கிடக்கு, அந்த ஒரு கடிதம் இல்லை. பதினாலு மாசம் அண்ணி! அண்ணையிட்டக் கேளுங்கோ, அவருக்கு நெஞ்சில ஈரம் கிடக்கோ எண்டு!"

றீற்றா போனை வைத்துவிட்டு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"நாளைக்குப் போவன்" என்றேன்.

"இண்டைக்கே பிராவ் டீற்ஸுக்கு அடியுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை அவ போன் எடுக்கமாட்டா."

"அடிச்சுப் பாருங்கோ."

அடித்தேன். எடுக்கவில்லை. அடித்தேனா? ஒருமுறை மணி அடித்ததும் வெட்டினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். பூரோ ஒன்பதுக்குத் திறக்கும். ஒன்பதுக்கு நிற்பேன். சொல்வதற்குப் பத்து நிமிடம். கடிதம் அடிக்கப் பத்து நிமிடம். மின்னஞ்சலில் போட்டால் ஒரு நொடி. பத்து மணிக்கு முன் அவள் கையில். நேரம் தாராளம்.

வரதனுக்குச் செய்தி போட்டேன்: "நாளை 9 பூரோவுக்கு வா. சொல்லுவன்." இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை. கெப்பரைப் பார், எவ்வளவு திமிர்.

ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான் இருக்கிறது. இடியப்பம் நன்றாக இருந்தது.

மார்ச் 31, திங்கள்

வெயில். பதினொரு பாகை. எங்கும் பனி இல்லை, மேலே கூட.

8.50க்கு பூரோ வாசலில். வரதன் ஏற்கெனவே நிற்கிறான். முகம் மழிக்கவில்லை. கண் சிவப்பு.   பத்து நிமிடம் இரண்டு பேரும் கதவைப் பார்த்தபடி நின்றோம்.

9.00. உள்ளே. நின்றுகொண்டே சொன்னேன். முறை மாற்றினோம். நான்தான் ஒப்புக்கொண்டேன். கடிதம் வேண்டாம் என்றதும் நான். நான் போகவில்லை.

பிராவ் டீற்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "கீழே பனி இல்லை என்பதால் மேலேயும் இல்லை என்று நினைத்தீர்களா?"

கொப்பி சட்டைப்பையில் இருந்தது. பதினேழு வரி அளவுகள். கையை அங்கே கொண்டுபோனேன். எடுக்கவில்லை.

"இல்லை. இருக்கும் என்று தெரியும்" என்றேன்.

ஒரு படிவத்தைத் தள்ளினாள். பெயர், நாள், இடம். ஆறு மணிக்குப் பனியின் உயரம். அந்தப் பெட்டியில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு நான் போர்வைக்குள். "தெரியாது, அங்கே இருக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முறைப் பட்டியலில் அவன் பெயரை வெட்டி என் பெயரை எழுதினாள். கொட்டில் திறப்புக் கோர்வையைக் கேட்டாள், கொடுத்தேன். மற்றது வக்கீல் சொல்வாராம். "உங்களை நம்பினேன், சூசை." தோளில் தட்டவில்லை.

பிறகு வரதனைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டாள், எழும்பி நின்று. கடிதத்தை அங்கேயே அடித்தாள், முத்திரை குத்தினாள், அனுப்பவும் சொன்னாள். சுவர் மணிக்கூட்டில் 9.20. பத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம். எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை. வேலை போனாலும் நேரத்துக்குச் செய்துவிட்டேன் என்று.

அவன் கடிதத்தை வாங்கினான். மடிக்கவில்லை. படம் எடுக்கவும் இல்லை.

"அனுப்பு" என்றேன். "பத்துக்கு முன்னம் போயிடும். கெதியா."

இன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்தான்.

"கொழும்பில இப்ப ஒரு மணியாகுது அண்ணை."

முப்பது வருடமாக மன்னாருக்குப் போன் எடுக்கிறவன் நான். அங்கே விடிந்திருக்குமா, அம்மா படுத்திருப்பாவா என்று ஒவ்வொரு தரமும் விரல் மடித்துப் பார்த்து எடுக்கிறவன்.

"அங்கத்தைப் பத்துக்கு அவளைக் கூப்பிட்டவங்களாம். கடிதம் இல்லையெண்டோண்ண அனுப்பிட்டாங்களாம். திரும்பப் பதியட்டுமாம். வெளியில வெய்யிலுக்க நிண்டு அழுதுகொண்டு போன் எடுத்தவள். இஞ்சத்தை ஆறே முக்காலுக்கு. அப்ப நான் இந்த வாசலுக்கு வந்திட்டன்."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் என்ன சொன்னான் என்று பிராவ் டீற்ஸ் என்னிடம் கேட்டாள். எனக்கு ஜெர்மன் வரவில்லை.